கேமராவும் ஒரு கீற்றணியும்: விண்மீனின் ஒளியை அளந்து வகைப்படுத்தும் வழி

ஒரு விண்மீனிலிருந்து நம் கைக்கு வந்து சேர்வது ஒளி மட்டும்தான். மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தால் பொலிவெண் கிடைக்கும்; எண் கூடினால் ஒளி குறைவு. எந்த அலைநீளத்தில் எவ்வளவு வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் நிறமாலை கிடைக்கும். வகைப்படுத்துவதற்கு நிறமாலைதான் வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்கே. டெலஸ்கோப் தேவையில்லை. லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய கேமரா, டிரைபாட், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு கீற்றணி, கணினி ஆகியவை போதும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தை நம்புகிறார்கள். திருவாதிரை சிவப்பு, ஆகவே குளிர்ந்தது. ரைகல் நீல வெள்ளை, ஆகவே சூடானது. இந்த இரண்டுக்கும் அது சரிதான். நிறத்தை எண்ணாகச் சொல்லவும் வழி இருக்கிறது. நீல வடிகட்டி வழியாக அளந்த பொலிவெண்ணிலிருந்து மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாக அளந்த பொலிவெண்ணைக் கழித்தால் வருவது நிறச்சுட்டெண். அபிஜித்துக்கு (வேகா) அது 0.00, சூரியனுக்குச் சுமார் 0.65, ரோகிணிக்கு 1.54. எண் ஏற ஏற விண்மீன் சிவப்பு.

ஆனால் ஜீட்டா ஒஃபியூக்கி என்ற விண்மீனுக்கு இந்த எண் 0.02. நிறத்தை மட்டும் பார்த்தால் வேகாவின் உடன்பிறப்பு என்றே சொல்லத் தோன்றும். நிறமாலையை எடுத்துப் பார்த்தால் அது ஓ9.5 என்ற மிகச் சூடான வகை (வகைகளின் வரிசை பின்னால் வருகிறது), மேற்பரப்பு வெப்பம் 30,000 கெல்வினுக்கும் மேல். இடையில் கிடக்கும் விண்தூசி நீல ஒளியைச் சிதறடித்து அதன் நிறத்தை மாற்றிவிட்டது. நம் காற்றுமண்டலமும் கேமராவின் வடிகட்டிகளும் தம் பங்குக்கு நிறத்தைத் திரிக்கின்றன. இவற்றால் மாற்ற முடியாத ஒன்று, நிறமாலையில் ஒளி குறைந்து தெரியும் கறுப்புக் கோடுகள் எந்த அலைநீளத்தில் விழுகின்றன, ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எது ஆழம் என்பது. ஆகவே வகையைக் கோடுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பொலிவெண், சுருக்கமாக

5 பொலிவெண் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு. ஒரு பொலிவெண்ணுக்கு 2.512 மடங்கு. இந்த விகிதத்தை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து 1891-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார்.

செய்முறை எளிது. கீற்றணி இல்லாமல், ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து, விண்மீன் 10 முதல் 15 பிக்சல் அகல வட்டமாகும்படி படமெடுங்கள். கூர்மையாக எடுத்தால் நடுப் பிக்சல்கள் நிரம்பி வழிந்து எண்ணிக்கை பொய்யாகிவிடும். ரா கோப்பின் (கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) பச்சை அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வானியலார் பயன்படுத்தும் மஞ்சள்-பச்சை வடிகட்டிக்கு அதுதான் நெருக்கம். விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளிருக்கும் எண்களைக் கூட்டி, அருகிலுள்ள வெற்று வானத்தின் அளவைக் கழியுங்கள். அதே படத்தில் பொலிவெண் தெரிந்த வேறொரு விண்மீனுக்கும் இதையே செய்யுங்கள். தெரிந்தது 1,33,000, தெரியாதது 84,000 என்று வந்தால் விகிதம் 1.583. அதன் மடக்கை (10 அடிமானத்தில்) 0.2, அதை 2.5-ஆல் பெருக்கினால் 0.5. ஆக, தெரியாத விண்மீன் 0.5 பொலிவெண் மங்கல். ஒப்பிடும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாகவும் வானில் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு சரியாக இருந்தும் விடை தவறும்.

தேவையான பொருட்கள்

கீற்றணி என்பது மிக நெருக்கமான இணைகோடுகள் பதித்த கண்ணாடி. கடைகளில் கிரேட்டிங் என்று கேட்டால் கிடைக்கும். இந்த வேலைக்கென்றே விற்கப்படும் ஸ்டார் அனலைசர் 100 வகையில் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள். ஒளியின் பெரும்பங்கை ஒரே பக்கத்து நிறமாலைக்குத் தள்ளும்படி கோடுகளைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடச் சோதனைகளுக்கு வரும் பிளாஸ்டிக் தாளில் மில்லிமீட்டருக்கு 500, 1000 கோடுகள் இருக்கும். ஒளியும் பல பக்கம் சிதறிப் போகும். விண்மீனின் சிறிதளவு ஒளிக்கு அது கட்டுப்படியாகாது.

இதை லென்ஸின் முன்னால் மாட்ட வேண்டும். அதன் மரை 1.25 அங்குல டெலஸ்கோப் ஃபில்டருடையது. லென்ஸின் ஃபில்டர் மரைக்கு அதைப் பொருத்தும் வளையம் தனியாகக் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸ் தொடங்குவதற்கு நல்லது. கீற்றணியின் திறப்பு சிறியது என்பதால் லென்ஸை எஃப்/2.8 வரை மூடுங்கள். அப்போது 18 மி.மீ. விட்டம்தான் வேலை செய்யும், ஓரங்கள் வெட்டுப்படாது. 135 மி.மீ. லென்ஸ் என்றால் எஃப்/5.6.

ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். பிக்சல் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, அதைக் கோடுகளின் எண்ணிக்கையையும் லென்ஸின் குவியத் தூரத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 4.3 மைக்ரோமீட்டர் பிக்சல், 100 கோடுகள், 50 மி.மீ. என்றால் 4300-ஐ 5000-ஆல் வகுத்து 0.86 நானோமீட்டர். அதே கேமராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டால் 0.32. ஹைட்ரஜன் கோடுகளைக் காண 0.86 போதும். குளிர்ந்த கே, எம் வகை விண்மீன்களின் நுணுக்கத்துக்கு 135 நல்லது.

பகலில் ஒரு பயிற்சி: தையல் ஊசி

இருட்டில் தடவுவதற்கு முன் சூரிய நிறமாலையைப் பகலிலேயே எடுத்துப் பழகுங்கள். கேமராவைச் சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக்கூடாது. ஒரு பளபளப்பான தையல் ஊசியைக் கறுப்புத் துணியின் முன் செங்குத்தாகக் குத்தி நிறுத்தி, 5 மீட்டர் தள்ளி டிரைபாடை வையுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஊசியில் தலைமயிர் தடிமனுக்கு ஓர் ஒளிக்கோடு மின்னும். கீற்றணியைச் சுழற்றி, நிறமாலை கிடைமட்டமாக விரியும்படி வையுங்கள். லைவ் வியூ திரையில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸை மெதுவாக நகர்த்தினால், வண்ணப் பட்டையில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்: பச்சையில் 517 நானோமீட்டரில் மக்னீசியம், மஞ்சளில் 589-இல் சோடியம், நீலப்பச்சையில் 486-இல் ஹைட்ரஜன், ஊதாவுக்கருகில் 430-இல் இரும்பும் சி.எச். மூலக்கூறும் சேர்ந்த அடர்ந்த பட்டை. இதுதான் சூரியன் சேர்ந்த ஜி2 வகையின் முகம். கண்ணுக்குப் பழகிவிட்டால் இரவில் ஜி வகையைச் சேர்ந்த கபெல்லா என்ற விண்மீனைப் பார்த்ததும் அடையாளம் தெரியும்.

ஊசியும் கீற்றணிக் கோடுகளும் இணையாக இல்லாவிட்டால் கோடுகள் கலங்கிப் போகும். முதல் முயற்சியில் ஒன்றும் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரவில் படமெடுத்தல்

1. பொலிவான ஏ வகை விண்மீனில் தொடங்குங்கள். சனவரி முதல் மார்ச் வரை சிரியஸ், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேகா. அதன் ஹைட்ரஜன் கோடுகள் மிக ஆழமானவை. ஃபோகஸுக்கும் அளவுகோலுக்கும் அதுவே ஆதாரம்.

2. கீற்றணியின் திசையைச் சரிசெய்யுங்கள். இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. டிரைபாட் அசையாமல் நிற்க, வானம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. நிறமாலையும் அதே திசையில் விரிந்தால் கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டு அழிந்துவிடும். அதற்குச் செங்குத்தாக, வடக்கு-தெற்காக விரியும்படி வைத்தால், மயிரிழை போன்ற நிறமாலையை வானத்தின் நகர்ச்சியே அகலமான பட்டையாக இழுத்துத் தரும். கோடுகள் அதில் குறுக்கே தெளிவாக நிற்கும். 20 வினாடி சோதனைப் படம் ஒன்று எடுத்து, விண்மீன் விட்ட கீறலுக்கும் நிறமாலைக்கும் இடையே 90 பாகை வரும்வரை வளையத்தைச் சுழற்றுங்கள்.

3. ஃபோகஸ் விண்மீனின் புள்ளியில் அல்ல, கோடுகளில். லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை. புள்ளி கூர்மையாக இருக்கும்போது நீலப்பகுதி கலங்கியிருக்கலாம். 486, 434 நானோமீட்டர் கோடுகள் இரண்டும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

4. எக்ஸ்போஷர் 15 முதல் 20 வினாடி, ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800, ரா மட்டும். 50 மி.மீ. லென்ஸில் வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் வினாடிக்குச் சுமார் 0.85 பிக்சல் நகரும். 20 வினாடியில் 17 பிக்சல் அகலப் பட்டை கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் ஒளி வாங்குவது ஒன்றேகால் வினாடிக்குக் குறைவாகத்தான். ஆகவே நேரத்தைக் கூட்டினால் பட்டை அகலமாகுமே தவிர, ஆழம் கூடாது. மங்கலாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், நிரம்பி வழிந்தால் இறக்குங்கள். 14 பிட் கேமராவில் உச்ச மதிப்பு 16,383. நிறமாலையின் உச்சம் 11,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்மீனின் புள்ளி நிரம்பினால் பரவாயில்லை.

5. ஒவ்வொரு விண்மீனுக்கும் பத்துப் படங்கள். 45 பாகை உயரத்துக்கு மேலே இருக்கும்போது எடுப்பது நல்லது. 30 பாகையில் காற்றின் தடிப்பு தலைக்கு நேர்மேலே இருப்பதைப்போல 2 மடங்கு. நீலம் வெகுவாகக் குறையும்.

ஜேபெக் கோப்பை எடுத்து வேலை செய்யாதீர்கள். கேமரா அதில் வெளிச்சத்தை வளைத்து, விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கிவிடுகிறது. கோட்டின் ஆழத்தை அளக்கும் வேலையில் இந்த இரண்டும் நேரடிப் பிழைகள்.

படத்திலிருந்து வரைபடம்

ஆர்ஸ்பெக், இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் ஸ்பெக் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. எதில் செய்தாலும் வரிசை ஒன்றுதான்: நிறமாலை கிடைமட்டமாக வரும்படி படத்தைத் திருப்பி, பட்டையின் அகலம் முழுவதையும் கூட்டி, மேலும் கீழும் உள்ள வெற்று வானத்தைக் கழிக்க வேண்டும். ஊர் வெளிச்சத்தின் பெரும்பகுதி இந்தக் கழித்தலிலேயே போய்விடும். நகரத்து மொட்டைமாடியிலும் இந்த வேலை நடப்பது அதனால்தான்.

அடுத்து அலைநீள அளவுகோல். கீற்றணி பிரிக்காமல் விட்ட விண்மீனின் புள்ளியே அளவுகோலின் சுழி (0). அது 1200-ஆவது பிக்சலில், சிரியஸின் 486.1 கோடு 1765-இல் என்றால் இடைவெளி 565, பிக்சலுக்கு 0.860 நானோமீட்டர். சரிதானா என்று பார்க்க இன்னொரு கோட்டைத் தேடுங்கள்: 434.0 கோடு 1705-க்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டு பிக்சலுக்கு மேல் தள்ளியிருந்தால், தவறான கோட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஃபோகஸையும் லென்ஸையும் தொடாதவரை இதே அளவுகோல் அன்றிரவு எல்லா விண்மீனுக்கும் செல்லும்.

மூன்றாவது, கேமராவின் சாய்வை நீக்குதல். கேமரா எல்லா அலைநீளத்தையும் சமமாகப் பார்ப்பதில்லை. நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில், ஏறக்குறைய 490-க்கும் 580-க்கும் அருகில், வரைபடம் பள்ளமாகும். அதை விண்மீனின் கோடு என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. இனம் காணும் வழி எளிது: எல்லா விண்மீனிலும் அதே இடத்தில், அதே வடிவில் இருந்தால் அது கேமராவுடையது. வேகாவின் உங்கள் வரைபடத்தை ஏ0 வகையின் அளவீடு செய்யப்பட்ட நிறமாலையால் வகுத்து, கோடுகளை மழுங்கடித்து வழவழப்பாக்கினால் கேமராவின் வளைவு கிடைக்கும். பிறகு எந்த விண்மீனின் வரைபடத்தையும் அந்த வளைவால் வகுத்துவிடலாம். 131 மாதிரி நிறமாலைகள் கொண்ட பிக்கிள்ஸ் தொகுப்பு (1998) இந்த மென்பொருள்களில் பயன்படுவதுதான்.

மாற்றம் செய்யாத கேமராவில் 400-க்குக் கீழும் 690-க்கு மேலும் ஏறக்குறைய ஒன்றும் பதியாது. 656.3-இல் உள்ள ஹைட்ரஜன் கோடும் மங்கலாகவே வரும். 393, 397-இல் உள்ள கால்சியம் கோடுகள் தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 687-க்கருகில் தெரியும் வெட்டு நம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடையது; அதற்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை.

வகையைச் சொல்லுதல்

வகைகளின் வரிசை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு. இந்த வரிசையில் ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் அட்டவணை 1918-க்கும் 1924-க்கும் இடையே வெளிவந்தது. அதில் 2,25,300 விண்மீன்கள். ஒவ்வொரு நிறமாலையையும் அவர் கண்ணால் பார்த்தே சொன்னார். நீங்கள் செய்யப்போவதும் அதே வேலை.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் கேளுங்கள்.

ஒரு பக்கம் செங்குத்தாக விழுந்து சிவப்புப் பக்கம் மெல்ல ஏறும் படிகள் தெரிகின்றனவா? 517, 545, 616-க்கருகில் இப்படி ரம்பப்பல் போல வந்தால் அது டைட்டானியம் ஆக்சைடு. விண்மீன் எம் வகை. மூலக்கூறு சிதையாமல் இருக்கும் அளவுக்குக் குளிர்ச்சி, 3,700 கெல்வினுக்குக் கீழ். திருவாதிரை, கேட்டை.

படிகள் இல்லை, 486, 434, 410 என்று ஊதாவை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் ஆழமான கோடுகள் மட்டும் உள்ளனவா? ஏ வகை, 7,500 முதல் 10,000 கெல்வின். அதே வரிசை இருக்கிறது, ஆனால் ஆழம் குறைவு, வேறு எதுவும் இல்லை, நீலம் தூக்கல் என்றால் பி வகை. சித்திரை, ரைகல். கோடே இல்லாதது போல ஏறக்குறைய வெறுமையாக இருந்தால் ஓ வகையாக இருக்கலாம்.

ஹைட்ரஜன் கோடு இருக்கிறது, கூடவே 430-இல் பட்டையும் எட்டிப் பார்க்கிறதா? எஃப். புரோசியான் நல்ல மாதிரி. 430 பட்டை ஹைட்ரஜன் கோட்டை மிஞ்சி, 517-உம் 589-உம் தெளிவாகத் தெரிந்தால் ஜி. ஹைட்ரஜன் தேடினாலும் கிடைக்காமல், 517-இல் அகன்ற பள்ளமும் நீலத்தில் சரிவும் இருந்தால் கே. ரோகிணி, சுவாதி.

ஹைட்ரஜன் கோடு நடுவில் உள்ள ஏ வகையில் உச்சமாகி இரு பக்கமும் ஏன் தேய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மேலே உள்ள கேள்விகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் இந்தக் கோடுகள் உண்டாக, ஹைட்ரஜனின் எலக்ட்ரான் ஏற்கனவே இரண்டாம் ஆற்றல் நிலையில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். குளிர்ந்த விண்மீனில் அப்படி ஏறியவை மிகச் சில. மிகச் சூடானதில் எலக்ட்ரானே பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. 10,000 கெல்வினை ஒட்டித்தான் இரண்டாம் நிலையில் நிறைய அணுக்கள் இருக்கும். இந்தச் சமநிலைக்கான சமன்பாட்டை மேகநாத் சாகா 1920-இல் தந்தார். அதைக் கொண்டு, கோடுகளின் வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் வெப்பநிலையே, பொருட்கலவை அல்ல என்று 1925-இல் சிசிலியா பேய்ன் காட்டினார். சூரியனில் ஹைட்ரஜன் கோடு மெலிந்திருந்தாலும் அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான்.

உட்பிரிவு எண்ணுக்கு, அதாவது ஏ1-ஆ ஏ5-ஆ என்பதற்கு, மாதிரி நிறமாலைகளோடு ஒப்பிட வேண்டும். மாதிரியை உங்கள் வரைபடத்தின் கூர்மைக்கு மழுங்கடித்த பிறகே ஒப்பிடுங்கள். கூர்மையான மாதிரியில் கோடுகள் எப்போதும் ஆழமாகத் தெரியும். அப்படியே ஒப்பிட்டால் பி8-ஐயும் எஃப்0-ஐயும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைப்பீர்கள். இந்தக் கருவியால் இரண்டு மூன்று உட்பிரிவு முன்னே பின்னே வருவது இயல்பு.

பிப்ரவரி மாலை ஒன்று கிடைத்தால் முழு வரிசையையும் ஒரே இரவில் முடிக்கலாம்: ஓரியனின் இடுப்பிலுள்ள மின்டாகா ஓ9.5, ரைகல் பி8, சிரியஸ் ஏ1, புரோசியான் எஃப்5, கபெல்லா ஜி, ரோகிணி கே5, திருவாதிரை எம்2. ஏழு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஹைட்ரஜன் கோடு ஏறி இறங்குவதும், உலோகக் கோடுகள் அதற்குப் பின்னால் எழுவதும், கடைசியில் மூலக்கூறுகள் வந்து எல்லாவற்றையும் மூடுவதும் ஒரே தாளில் தெரியும். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதற்கு ஈடாகாது.

அரக்கனா, சாதாரணமா

வெப்பநிலை ஒன்றே வகையல்ல. 1943-இல் மார்கன், கீனன், கெல்மன் மூவரும் ஒளிர்வு வகையையும் சேர்த்தார்கள்: ஒன்று என்றால் மீப்பெரும் அரக்கன், மூன்று அரக்கன், ஐந்து சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன். இதை உணர வேகாவையும் டெனபையும் ஒரே இரவில் எடுங்கள். வேகா ஏ0, ஐந்தாம் வகை. டெனப் ஏ2, முதலாம் வகை. வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் வேகாவில் அகன்று ஆழ்ந்த ஹைட்ரஜன் கோடுகள் டெனபில் மெலிந்து போயிருக்கும். வேகாவின் வளிமண்டலத்தில் அழுத்தம் அதிகம். நெருக்கியடிக்கும் மின்துகள்கள் அணுவின் ஆற்றல் நிலைகளைக் குலைத்துக் கோட்டை அகலமாக்குகின்றன. உப்பிப்போன டெனபில் அந்த நெருக்கம் இல்லை. குளிர்ந்த விண்மீன்களுக்கு இதேபோல் ஒரு குறி இருக்கிறது: கால்சியம் 393.4 கோட்டின் நடுவே எழும் சிறு உமிழ்வின் அகலம் விண்மீனின் உண்மையான ஒளிர்வைச் சொல்லிவிடும். 1957-இல் ஓலின் வில்சனோடு சேர்ந்து அதை வெளியிட்டவர் இந்திய வானியலார் வைனு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் கோட்டை அளக்க நம் கருவி போதாது.

தொலைவு தெரிந்தால் உண்மை ஒளிர்வை நேராகவே கணக்கிடலாம். தொலைவைப் பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) எடுத்து 10-ஆல் வகுத்து, அதன் மடக்கையை 5-ஆல் பெருக்கி, பொலிவெண்ணிலிருந்து கழியுங்கள். வேகா 7.68 பார்செக், பொலிவெண் 0.03, தனிப் பொலிவெண் (10 பார்செக் தொலைவில் வைத்தால் இருக்கும் பொலிவெண்) 0.60 என்று வரும்.

வரிசைக்குள் அடங்காத ஒன்று

மேலே உள்ள எல்லாம் கைக்கு வந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தென்வானில் காமா வேலோரம் என்ற விண்மீனைக் குறிவையுங்கள். பொலிவெண் 1.8. சென்னையிலிருந்து உச்சத்தில் சுமார் 30 பாகை உயரம், யாழ்ப்பாணத்தில் 33. இதன் கோடுகள் பள்ளமாக இல்லாமல் முகடுகளாக எழும்: 465, 570, 581-க்கருகில், கார்பனுடையவை. பெருங்காற்றாக வெளியேறும் வாயு ஒளிர்வதால் வருபவை. வுல்ஃப்-ராயே என்ற தனி வகை. தாழ்வாக இருப்பதால் 465 முகடு காற்றில் அடிபட்டுச் சிறுத்துத் தெரியலாம். மஞ்சளில் உள்ள மற்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். 0.86 அளவுகோலில் அவை இரண்டுக்கும் இடையே 13 பிக்சல்தான் இருக்கும். ஃபோகஸ் சற்று விலகினாலும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால், அருகில் பொலிவாக நிற்கும் சிரியஸில் ஃபோகஸைச் சரிபார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.